நீ கால் தேய்த்த கல்

கண்ணு, சாப்பிட்டாயா? சாப்பிடவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து படி. போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத அம்மா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று பயப்படாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற கை இது. பஞ்சாயத்துத் தலைவரான பிறகு கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கொஞ்சம் பழகியிருக்கிறது. இதில் இருக்கிறதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ ஓசூரிலிருந்து கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாய். "கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவுதும்மா. உம் பேர மாதம்மாள்னு போடறதா, கிருபைன்னு போடறதா?" என்றாய். அதற்கு நான் பதில் சொல்வதற்குள், "நம்ம சபை ஞானமுத்து ஐயாவ கல்யாணத்துக்கு வந்து ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டேன், வேற ஆளப் பாத்துக்க சாமின்னுட்டாரு. எம்மேல எதாச்சும் கோவமா அவருக்கு?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றைக்கு நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர் என்பதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன். ரேஷன் அட்டையிலும் சாதிச் சான்றிதழிலும் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. நான் ஊராருக்கு மாதம்மாள், ஞாயிற்றுக்கிழமை கிருபை. கிறிஸ்தவர் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் நாம் தாழ்த்தப்பட்டவர் பட்டியலில் இல்லை என்பது சட்டம். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் நம்மைச் சமமாக உட்கார வைத்து விட்டார்களா என்ன? தக்காளி பறிக்கப் போன காட்டில் எனக்கு மட்டும் தேங்காய்த் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்களே, "நான் சபைக்குப் போறவங்க" என்று சொல்லியிருந்தால் சொம்பை எடுத்து நீட்டியிருப்பார்களா? சாதி நம்மை விடவில்லை. காகிதத்தில் மட்டும் நாம் அதை விட்டுவிட்டதாக ஆகிவிடும். இதையெல்லாம் உன் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். நான் கோபமாகச் சொல்வேன். நியாயம் நம் பக்கம்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணு, நியாயம் நம் பக்கம் இருக்கும்போது செய்கிற தப்பு கண்ணுக்கே தெரியாது. அது தப்பாகவே தோன்றாது.

தலைவர் பதவியை நம்மவர்களுக்கென்று, அதிலும் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள் என்ற செய்தி வந்த அன்றைக்கு ஊரே சப்பென்று ஆகிவிட்டது. பெரிய வீட்டுக்காரர் மட்டும் மறுநாளே நம் வாசலுக்கு வந்தார். அவர் காட்டில் நான் பதினைந்து வருடம் மரவள்ளிக்குக் களை எடுத்தவள். அதுவரை நம் தெருவுக்குள் வண்டியை விட்டு இறங்காத மனுஷன், அன்றைக்கு இறங்கி நின்றார். "மாதம்மா, நீ நில்லு. நான் பாத்துக்கறேன்" என்றார். தான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. காலனிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு. பூட்டு சாவி சின்னத்தில் நின்றேன். பாப்பிரெட்டிப்பட்டியில் வேட்புமனு கொடுக்கப் போன அன்றைக்கு நீயும் லீவு போட்டு வந்து என்னோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். "சபைக்குக் கொஞ்ச நாள் போவ வேணாம்னு சொல்றாங்க" என்று நான் சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அது எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன்.

ஜெயித்த இரண்டாவது மாதம், தோற்றவர்கள் மேலே மனு எழுதிப் போட்டார்கள். நான் கிறிஸ்தவச்சி, பொய்ச் சான்றிதழ் கொடுத்து நின்றவள், பதவியைப் பறிக்க வேண்டும் என்று. தாசில்தார் விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் பெரிய வீட்டுக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். "நீ ஒன்னும் வாயத் தெறக்காத. மாரியம்மனுக்கு ஒரு பொங்கல் வெச்சிரு, போட்டோ எடுத்து வெச்சிக்கலாம். வூட்டுல இருக்கற வசனம், காலண்டரு எல்லாத்தையும் எடுத்துரு" என்றார். சரிங்க என்றேன். வாசலில் எழுதியிருந்த வசனத்தின் மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன். இது வரைக்கும் உனக்குத் தெரியும். தெரிந்ததோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் அதுவரை நம் தெருவில் யாரும் போனதில்லை. திருவிழாவில் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கும்பிடுவார்கள். அன்றைக்கு என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். பூசாரி திருநீற்றை என் கை படாமல் உயரத்திலிருந்து போட்டார். பாதி கீழே கொட்டியது. கொட்டியதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணு, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பெற்றவள் காலெடுத்து வைக்காத கல்லில் நான் நிற்கிறேன் என்று மனசு துள்ளியது. பொய் சாட்சி ஜோடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. வெளியே வந்தபோது நம் தெருப் பெண்கள் நாலு பேர் தேங்காய் பழத்தோடு நின்றார்கள். "அப்ப நாங்களும் உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்கள். பெரிய வீட்டுக்காரர் சிரித்தார். "ஒருத்தி போனாப் போதும்மா, போட்டோவுக்கு" என்றார். ஊருக்குத் தலைவர் நான், பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. உன் அப்பா தொப்பூர் இறக்கத்தில் லாரியோடு கவிழ்ந்து செத்துப்போனபோது உனக்கு ஒன்பது வயது. உடலைக் கொண்டுவந்த அன்றைக்கு ஊர்த் தெரு வழியாகப் போகக்கூடாது, ஓடைக்குள் இறங்கிப் போங்கள் என்று வழியை மறித்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் காலத்தில் ஞானமுத்து ஐயா நம் சபைக்கு உபதேசியாராக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒல்லி ஆள், சத்தமாகக்கூடப் பேச வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் போய் நின்றார். "நாங்க நடந்துதாங்க போவோம். அடிக்கறதுன்னா என்ன அடிங்க" என்றார். யாரும் அடிக்கவில்லை. நடந்தோம். நீ அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். பிறகு அவரே தன் கையால் சிமெண்டில் ஒரு சிலுவை வார்த்தார். உள்ளே கம்பிக்குப் பழைய சைக்கிள் கம்பிகளை முறுக்கிப் போட்டார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் உன் அப்பா பெயரைக் கீறினார். கடைசி எழுத்தை உன்னை எழுதச் சொன்னார். நீ கோணலாக எழுதினாய். அதைத் திருத்த வேண்டாம் என்று அவர் சொன்னார்.

நம் சுடுகாடு காலனிக்கே பொது. யார் எந்தச் சாமி கும்பிட்டாலும் அங்கேதான் புதைக்கிறது. அந்தச் சிலுவை ஒன்றுதான் உன் அப்பா யார் என்று சொல்லிக்கொண்டு நின்றது. தாசில்தார் வருவதற்கு முதல் நாள் பெரிய வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. எனக்கேதான் தோன்றியது. விடிந்தும் விடியாமலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். மழை பெய்து மண் இளகியிருந்தது, சுலபமாக வந்துவிட்டது. இறக்கும்போது சிலுவையின் இரண்டு கையும் உடைந்து விழுந்தன. அவற்றை ஓடைப் புதரில் போட்டேன். நடுப்பலகை மட்டும் கனமாகக் கையில் நின்றது. அதைப் போட எனக்கு மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை. சாக்கில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் எதிரே வந்தவள், "என்னக்கா காலங்காத்தால?" என்று கேட்டாள். "தொவைக்கறதுக்குக் கல்லு" என்றேன். வாயில் வந்த பொய்தான். சொன்ன பிறகு அதையே செய்தேன். பின்கட்டில் குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிற பக்கத்தைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு நீ வந்தாயே. குளிக்கும்போது அதன் மேல் நின்று குதிகாலைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, கல்லு நல்லா சொரசொரன்னு இருக்குது, பித்தவெடிப்புக்கு ஏத்த கல்லு" என்று கத்தினாய். நான் உள்ளே உனக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வடை கருகியது. "என்னம்மா இப்பிடிக் கருக்கிட்ட, தலைவரானதும் சமையல் மறந்துபோச்சா?" என்று கேலி செய்தாய். நானும் சிரித்தேன். அப்பாவின் நினைவு நாளன்று சுடுகாட்டில் சிலுவை இல்லாததைப் பார்த்து நீ கேட்டபோது, "மழையில வுழுந்து ஒடஞ்சி போச்சு" என்றேன். கிரானைட்டில் புதிதாகச் செய்து வைக்கிறேன் என்றாய். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினேன். ஒரு பொய்க்குப் பத்துப் பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கல்லில்தான் என் புடவையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தாசில்தார் வந்தார். "எந்தச் சபையிலயும் நான் உறுப்பினர் இல்லீங்க, ஞானஸ்நானம் எடுக்கலீங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாரியம்மன் கோயில் போட்டோவைக் கொடுத்தோம். சுடுகாட்டையும் போய்ப் பார்த்தார்கள், அங்கே வெறும் மண். பிறகு ஞானமுத்து ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் வரும் வழியில் சுடுகாட்டைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். சிலுவை நின்ற இடத்தைப் பார்த்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார். "இந்தம்மா உங்க சபைக்கு வர்றவங்களா?" என்று தாசில்தார் கேட்டார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க. வந்ததே இல்லீங்க" என்றார். விசாரணை முடிந்தது. மனு தள்ளுபடி ஆனது. எனக்கு மாலை போட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து அவர் சபையில் வேதம் வாசிப்பதில்லை, ஜெபம் நடத்துவதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். வாசல் ஓரத்தில் செருப்புக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறாராம். வயசாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் வராதது எனக்குத் தெரியும். எதனால் வரவில்லை என்பதும் தெரியும். ஆனால் போய்க் கேட்கவில்லை. தொட்டி கட்டுகிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டி கட்டினேன்தான். இன்றைக்கு நம் தெருவில் குடத்தோடு யாரும் ஊர்க்குழாய்க்குப் போய் நிற்பதில்லை. அது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தைக் காட்டியே என் வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

உன் கல்யாணப் பேச்சு வந்ததும் பெரிய வீட்டுக்காரர் மறுபடி வந்தார். "பையன் கல்யாணத்த ஓசூர்லயே எங்கியாச்சும் மண்டபத்துல வெச்சிக்க. சர்ச்சுல பண்ணி, பத்திரிகைல உம் பேரும் இருந்தா, அத ஒருத்தன் எடுத்துட்டுப் போய்க் கலெக்டராபீசுல குடுத்துருவான். உம் பேரு வேணாம், செத்துப்போன அப்பன் பேரு போதும்" என்றார். அதற்கும் சரிங்க என்று தலையாட்டினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நீ போன் செய்த அன்றைக்கு இதைத்தான் உன்னிடம் கேட்பதாக இருந்தேன். பெற்ற தாயின் பெயர் இல்லாமல் மகனின் பத்திரிகை அச்சாகட்டும் என்று. சொற்களைக்கூடத் தேடி வைத்திருந்தேன். நீ இரண்டாவது கேள்வியைக் கேட்டாய். "எம்மேல கோவமா அவருக்கு?" என்று, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் தவிக்கிற குரலில். நான் செய்த பாவத்துக்கு நீ உன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்குப் போனேன். எல்லோரும் போன பிறகும் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, பையன் கல்யாணத்துல நீங்கதான் ஜெபம் பண்ணணும்" என்றேன். "பொய் சொன்ன வாயிம்மா இது. இத வெச்சிட்டுப் புள்ளைங்கள ஆசீர்வாதம் பண்ணக் கூடாது" என்றார். "பொய்ய நான்தானுங்க சொல்ல வெச்சன்" என்றேன். "நீ சொல்லச் சொல்லலியே. நானாத்தான் சொன்னேன். தெருவுக்குத் தண்ணி வரட்டும்னு சொன்னேன். தண்ணியும் வந்துருச்சு. ஆனா அன்னையிலருந்து வேதத்தத் தெறந்தா வாய் ஒட்டிக்குது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திரும்ப ஏதாவது பேசியிருப்பேன். அவர் பாயைச் சுருட்டி முடிப்பதிலேயே கவனமாக இருந்தார். கல்லைப் பற்றிச் சொன்னேன். எங்கே போட்டிருக்கிறேன், எப்படிப் போட்டிருக்கிறேன், யார் அதன் மேல் நின்றது, எல்லாம் சொன்னேன். அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேரு அழிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லைங்க என்றேன். "கல்யாணத்தன்னைக்கு நீ எல்லாருக்கும் முன்னால வந்து ஒக்காரு கிருபை. நீ வந்தா நான் வாயத் தெறந்து பாக்கறேன்" என்றார். அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஒருவர் கூப்பிட்டு வருடக்கணக்காகிவிட்டது. வீட்டுக்கு வரும் வரைக்கும் அழுதேன்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதே. பயமாகத்தான் இருக்கிறது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு போவார்கள். மறுபடி விசாரணை வரும். இந்த முறை கேட்டால் இருக்கிறதைச் சொல்வேன். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு என்ன தண்டனையோ அதையும் வாங்கிக்கொள்வேன். பதவி போனால் போகட்டும், தொட்டியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. பின்வரிசை வீட்டு வாசல்களுக்கு மட்டும் இன்னும் குழாய் போகவில்லை, அதுதான் என்னை அறுக்கிறது. அந்த வீட்டுப் பெண்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஒருத்தி திட்டினாள். "இத்தன நாளு பொறுத்தவ, குழாய் வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. சிலருக்கு அதனால் நஷ்டம்தான்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தாய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் எதையும் மறைக்கச் சொல்லாதே, நல்ல காரணம் இருந்தாலும் சொல்லாதே. கெட்ட காரணத்துக்கு மறைக்கிறவன் என்றைக்காவது களைத்துப்போய் விட்டுவிடுவான். நல்ல காரணத்துக்கு மறைக்கிறவன் விடவே மாட்டான், என்னை மாதிரி. அப்புறம், சரிங்க என்கிற வார்த்தையைக் கொஞ்சம் குறைத்துக்கொள். அது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி. கம்பெனியில் உன் மேலாளரிடம் போனில் பேசும்போது கேட்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் கல்லைப் புரட்டினேன். தனியாகத்தான் புரட்டினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. மேல் பக்கம் துணி அடித்து அடித்துத் தேய்ந்து கிடக்கிறது. கவிழ்ந்திருந்த பக்கத்தில் சேறு அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றி விரலால் வழித்தேன். உன் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. நீ எழுதிய கடைசி எழுத்தும் கோணலாக அப்படியே இருக்கிறது. துடைத்து, உள் அறையில் சுவரோரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். புதிதாக இரண்டு கை வார்த்துச் சேர்த்துவிடலாம் என்று ஞானமுத்து ஐயா சொல்லி அனுப்பினார். நீ வந்து, வேண்டாம், கிரானைட்டில்தான் வைப்பேன் என்றாலும் சரி, என்னோடு பேசவே மாட்டேன் என்றாலும் சரி. நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

பத்திரிகையில் கிருபை என்று போடு. அடைப்புக்குறிக்குள் மாதம்மாள் என்றும், அதற்குக் கீழே ஊராட்சி மன்றத் தலைவர் என்றும் போடு. யாரும் தேடிக் கண்டுபிடிக்கிற சிரமம் வேண்டாம்.

பின்கட்டில் ஆற்றுக்கல் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். வழவழவென்று இருக்கிறது, குதிகால் தேய்க்க ஆகாது. வந்தால் அதன் மேல் நின்று குளி.

உன் அம்மா,
கிருபை